ஒற்றை நடைவழி விமானத்தில் ஒரு நீண்ட இரவு: முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

நடுவே ஒரே ஒரு நடைவழியும் அதன் இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகளும் கொண்ட விமானங்களில்தான் நம்மில் பெரும்பாலோர் பறக்கிறோம். ஏர்பஸ் ஏ320 வரிசையும் போயிங் 737 வரிசையும் இவற்றுள் முதன்மையானவை. முன்பெல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவுகளுக்கு ஓடிய இந்த வகை விமானங்கள் இப்போது ஆறு, ஏழு மணி நேரப் பயணங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. 2024இல் சேவைக்கு வந்த ஏ321எக்ஸ்எல்ஆர் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர் நிற்காமல் செல்லக்கூடியது. அத்தகைய நீண்ட பயணம் ஒன்றைத் தனியாக மேற்கொண்ட நான், இறங்க வேண்டிய ஊரில் இறங்க முடியாமல் வேறோர் ஊரில் தரையிறங்கி, ஓர் இரவையும் மறுநாளின் பெரும்பகுதியையும், அடுத்த விமானத்துக்கு வாங்கியிருந்த சீட்டின் முழு விலையையும் இழந்தேன். உடலுக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லாதது என்னை மிகவும் வாட்டியது. என் சித்தியின் மகன் ஏ320 ஓட்டும் விமானி. திரும்பிய பிறகு அவனிடம் நடந்ததை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் விமானி அறையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்டு அறிந்தேன். என் நிலையில் தனியாக மாட்டிக்கொள்ளும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாலையில் புறப்பட வேண்டிய விமானம் அது. கேட்டுக்கு முன்னாலிருந்த பலகையில் புறப்படும் நேரம் அரை மணி, அரை மணியாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காரணம் கேட்டவர்களுக்கு, வர வேண்டிய விமானம் இன்னும் வரவில்லை என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. இந்த வகை விமானங்கள் ஒரே நாளில் நான்கைந்து முறை பறந்து இறங்குவதும், ஒவ்வொரு முறையும் தரையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரமே நிற்பதும் வழக்கம் என்று தம்பி சொன்னான். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பயணிகள் இறங்கி, உள்ளே துப்புரவு முடிந்து, எரிபொருள் நிரப்பி, பெட்டிகள் மாறி, விமானிகளில் ஒருவர் கீழே இறங்கிச் சக்கரங்களையும் இன்ஜின் இதழ்களையும் முன்பக்கத்துக் காற்றழுத்தக் குழாய்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும். காலையில் எங்கோ நேர்ந்த இருபது நிமிடத் தாமதம் ஒவ்வொரு பறப்பிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, இரவு விமானத்துக்கு இரண்டு மணி நேரமாக வந்து சேரலாம். இடியுடன் கூடிய மழை பிற்பகலிலும் மாலையிலும் வலுப்பதால் அதன் சுமையும் பிந்திய விமானங்களின் மேல்தான் விழுகிறது. ஆகவே, தவறவிட முடியாத வேலையாகப் போகிறவர்கள் அந்த வழித்தடத்தில் அன்றைய முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்குரிய விமானம் பெரும்பாலும் முந்தைய இரவே வந்து நின்றிருக்கும். மற்ற நேரங்களில், புறப்பாட்டுப் பலகையை மட்டும் நம்பாமல், நமக்கு ஒதுக்கப்பட்ட விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்பதை விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் பார்த்துக்கொள்ளலாம். வர வேண்டிய விமானம் இன்னும் தொலைவில் இருந்தால், பலகை என்ன சொன்னாலும் தாமதம் உறுதி. அந்த நேரத்தில் சாப்பிடலாம், போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். அடுத்த விமானத்தைப் பற்றிய பேச்சையும் அங்கேயே தொடங்கிவிடலாம்.

அந்தத் தாமதத்துக்கு இன்னொரு விளைவு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. விமானிகளின் பணிநேரக் கடிகாரம் விமானம் புறப்படும் கணத்தில் ஓடத் தொடங்குவதில்லை. அவர்கள் பணிக்கு வந்து கையெழுத்திட்ட நேரத்திலிருந்தே ஓடுகிறது. நாங்கள் கேட்டில் சலிப்புடன் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணிநேரத்திலிருந்து கழிந்துகொண்டிருந்தது. இரண்டு விமானிகள் மட்டும் இயக்கும் விமானத்துக்கு அமெரிக்க விதிகள் பணி தொடங்கும் நேரத்தையும் பறப்புகளின் எண்ணிக்கையையும் பொறுத்து 9 முதல் 14 மணி நேரம் வரை அனுமதிக்கின்றன. ஐரோப்பாவில் அடிப்படை உச்சவரம்பு 13 மணி நேரம், மாலையிலும் இரவிலும் தொடங்கும் பணிக்கு அதைவிடக் குறைவு. எதிர்பாராத நிலை ஏற்பட்டால் ஏறத்தாழ 2 மணி நேரம் வரை நீட்டிக்க இடமுண்டு. பெரிய அகலமான விமானங்களின் நெடும்பயணங்களில் மூன்றாவது, நான்காவது விமானி வருவதும், அவர்கள் மாறி மாறிப் படுத்துறங்கத் தனி அறை இருப்பதும் இயல்பு. ஒற்றை நடைவழி விமானத்தில் பொதுவாக அந்த வசதி இல்லை. இரண்டு பேர், இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான்.

விமானத்தில் ஏறியதும் முதலில் உணர்ந்தது இடநெருக்கடி. 737இன் உடற்பகுதி அகலம் 1950களில் வடிவமைக்கப்பட்ட 707இலிருந்து வந்தது; அதன் உட்புற அகலம் ஏறத்தாழ 3.54 மீட்டர். 1987இல் முதன்முதலில் பறந்த ஏ320இன் உட்புற அகலம் ஏறத்தாழ 3.70 மீட்டர். ஆறு இருக்கைகளுக்கும் ஒரு நடைவழிக்கும் பகிர்ந்தால் இந்தப் பதினாறு சென்டிமீட்டர் வேறுபாடு ஓர் இருக்கைக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் வரும் என்றாலும், தோள்கள் உரசும் நடு இருக்கையில் ஆறு மணி நேரம் அமர்பவருக்கு அது நன்றாகவே தெரியும். ஏ220 என்ற விமானத்தில் ஒருபுறம் இரண்டும் மறுபுறம் மூன்றுமாக இருக்கைகள் இருப்பதால் நடு இருக்கையில் மாட்டும் வாய்ப்பே குறைவு. முன்பதிவின்போது விமானத்தின் வகை பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்; அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்தது சன்னலோர இருக்கை. நடுவிலும் நடைவழி ஓரத்திலும் இருந்த இருவரும் விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்திலேயே உறங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்பத் தயங்கித் தயங்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். எழுந்தபோதெல்லாம் உணவு வண்டி நடைவழியை முழுமையாக அடைத்திருந்தது. அகலமான விமானத்தில் ஒரு பக்கம் வண்டி நின்றால் மறுபக்கமாகச் சுற்றிப் போகலாம். இங்கே வண்டியின் பின்னால் நின்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கால்கள் கனத்து, கணுக்கால் வீங்கி, ஒரு கட்டத்தில் எரிச்சலும் தன்னிரக்கமும் ஒன்றாக வந்தன. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்தத்தில் அது அரிதாகவே நேர்வதுதான். ஆனாலும் கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முன்பு இரத்தக் கட்டு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே நீண்ட பயணத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், நடைவழி ஓர இருக்கைதான் என் தேர்வு. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். கழிப்பறைக்குச் செல்ல ஏற்ற நேரம் உணவு வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்பு. தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி முன்பே விமானம் இறங்கத் தொடங்கி, பெல்ட் விளக்கும் எரிந்துவிடும் என்பதால், கடைசி வாய்ப்பு அதற்கும் முன்னதாக முடிந்துவிடுகிறது.

முன்பக்கக் கழிப்பறையை நோக்கி நடந்தபோது பணியாளர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, கைகாட்டி என்னைத் திரும்பிப் போகச் சொன்னார். முகத்தில் சிரிப்பே இல்லை; மனம் சுருங்கிப் போனேன். விமானி ஒருவர் வெளியே வரும்போது வழியை அடைத்து நிற்பது பாதுகாப்பு நடைமுறை என்று பின்னர்தான் தெரிந்தது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர்த் தாக்குதல்களுக்குப் பிறகு விமானி அறைக் கதவுகள் பலப்படுத்தப்பட்டன. அந்தக் கதவு திறக்கும் சில நொடிகளில் பயணிகள் யாரும் அருகில் இருக்கக் கூடாது. சிறிய விமானத்தில் விமானிகளுக்கென்று தனிக் கழிப்பறை கிடையாது. “அக்கா, நாங்களும் அதே நடைவழிக்காகத்தான் காத்திருக்கிறோம். பயணிகள் வரிசையில் நின்றால் கதவைத் திறக்க முடியாது. அவர்கள் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்” என்று தம்பி சொன்னபோது, அந்தப் பணியாளர்மீது நான் கொண்டிருந்த வருத்தம் போய்விட்டது.

ஒலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தனியாகப் பறப்பவரின் பயத்தில் பாதி ஒலிகளிலிருந்துதான் வருகிறது. இன்ஜினை இயக்கும்போது அதைச் சுழற்றக் காற்று தேவைப்படுவதால் குளிர்காற்று சற்று நேரம் நின்றுவிடும். உள்ளே புழுங்கும், விளக்குகள் ஒருமுறை மினுக்கும். ஏ320இல் காலடியிலிருந்து நாய் குரைப்பது போன்ற ஓசை வரும். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை மற்றோர் அமைப்புக்குக் கடத்தும் கருவியின் ஓசை அது. மேலெழும்பிச் சுமார் 1,000 அடி கடந்ததும் விமானிகள் இன்ஜினின் வேகத்தைக் குறைப்பார்கள். அப்போது இரைச்சல் சட்டென்று தணிய, விமானம் விழுவது போல வயிற்றில் ஓர் உணர்வு வரும். விமானம் அப்போதும் மேலேதான் போய்க்கொண்டிருக்கும். இம்மூன்றும் எனக்கு அன்று ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தன. கைப்பிடியை இறுகப் பற்றியபடி, பக்கத்தில் உறங்குபவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பயணத்தின் கடைசி மணி நேரத்தில் தலைமை விமானியின் குரல் வந்தது. போய்ச் சேர வேண்டிய ஊரின் மேல் இடிமழை நிற்பதாகவும், சற்று நேரம் வட்டமிட்டுக் காத்திருக்கப் போவதாகவும் சொன்னார். சன்னலுக்கு வெளியே இருட்டில் மின்னல் வெட்டியது. விமானம் திரும்பியது, நேராகச் சென்றது, மறுபடியும் திரும்பியது. ஒரு சுற்றுக்கு நான்கைந்து நிமிடங்கள் ஆகின்றன. எரிபொருள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்ற ஒரே எண்ணம்தான் என் மனத்தில் ஓடியது. பக்கத்து இருக்கைக்காரர் விழித்து, கீழே விளக்குகள் தெரிகின்றனவே, ஏன் இறக்காமல் சுற்றுகிறார்கள் என்று என்னையே கேட்டார். பதில் தெரியாத இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த இடத்தைத்தான் தம்பியிடம் மிக விரிவாகக் கேட்டேன். புறப்படும்போது ஏற்றும் எரிபொருள் போய்ச் சேரும் அளவோடு முடிவதில்லை. எதிர்பாராத செலவுக்கு, பொதுவாகப் பயண எரிபொருளில் 5 விழுக்காடு அளவு. அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குச் செல்லும் அளவு. அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கப் போதுமான இறுதிக் கையிருப்பு. இந்த இறுதிக் கையிருப்பைத் தொடாமல் தரையிறங்க வேண்டும் என்பது விதி. அதைத் தொட நேரும் என்று கணக்கு காட்டினால் விமானி அவசரநிலை அறிவித்தே தீர வேண்டும். ஆகவே வட்டமிடத் தொடங்கும்போதே, இத்தனை மணிக்குள் வழி கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று இருவரும் ஒரு நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். ஏ320 மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிபொருள் எரிக்கிறது. ஆகையால் அந்த 30 நிமிடக் கையிருப்பு என்பது ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். இன்னும் நிறைய ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். குறுந்தொலைவுக்கு அது முடியும். நீண்ட பயணத்தில் சிறிய விமானம் ஏறத்தாழ அதன் உச்ச எடையிலேயே கிளம்புகிறது; மேலும் எரிபொருள் ஏற்ற வேண்டுமானால் பெட்டிகளையோ பயணிகளையோ இறக்க வேண்டும், ஏற்றியதிலும் ஒரு பகுதி அந்தச் சுமையைத் தூக்கிச் செல்வதற்கே எரிந்துபோகும். 2011–12 குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கே சென்ற போயிங் 757 என்னும் ஒற்றை நடைவழி விமானங்கள் பல, எதிர்க்காற்று வழக்கத்துக்கு மேல் வலுத்ததால், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள நேர்ந்தது. நீண்ட வழித்தடத்தில் சிறிய விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் பயணி, குறிப்பாக மேற்கு நோக்கிய குளிர்காலப் பயணத்தில், இந்த வாய்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பேன்.

இடிமேகத்தின் கீழே விளக்குகள் தெரிவதால் இறங்கிவிடலாம் என்று பொருளில்லை. மேகத்திலிருந்து கொட்டும் காற்று தரையை மோதிச் சிதறும்போது, முன்னிருந்து வீசிய காற்று சில நொடிகளில் பின்னிருந்து வீசத் தொடங்கும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் விமானத்தின் தாங்குவிசை அப்போது சட்டென்று குறையும். அதற்குள் நுழையாமல் இருப்பதே விமானிக்குக் கற்பிக்கப்படும் பாடம். “முடிவெடுக்கும் வரைதான் மனத்தில் பாரம். மாற்று நிலையத்துக்குத் திரும்பிவிட்டால் எங்களுக்கு நிம்மதி. பின்னால் இருப்பவர்களுக்கு அங்கேதான் துன்பம் தொடங்குகிறது” என்றான். அதில் உண்மை இருந்தது.

மாற்று நிலையத்துக்கு இறங்கும்போது எனக்குக் காது அடைத்து, ஊசி குத்துவது போல வலித்தது. பறக்கும் உயரத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிக அளவாக 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம். இறங்கும்போது அந்த அழுத்தம் உயர, காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் திறந்துகொடுக்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அது எளிதில் திறக்காது. இறங்கத் தொடங்கும்போது விழித்திருந்து, அடிக்கடி விழுங்குவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதுவதும் உதவும். உறக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடுவதால்தான் பலர் வலியோடு விழிக்கிறார்கள். வழி மாறிய பயணத்தில் மீண்டும் ஒருமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், காது முன்பே புண்பட்டிருந்தால் இரண்டாம் முறை இன்னும் கடினம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

தரையிறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். விரைவில் கிளம்பிவிடுவோம் என்று நானும் நம்பினேன். நாங்கள் இறங்கியதோ எங்கள் விமான நிறுவனம் வழக்கமாகச் செல்லாத சிறிய நிலையம். எங்களைப் போலவே திருப்பப்பட்ட விமானங்கள் அங்கே வரிசையாக நின்றன. எரிபொருள் வண்டிக்கு முறை வைத்துக் காத்திருந்தோம். மின்னல் அருகில் இருக்கும்போது தரைப் பணியாளர்கள் வெளியே வரக் கூடாது என்பதால் அந்த வரிசையும் நடுவில் நின்றுபோயிற்று. படிக்கட்டு வண்டி இல்லை, பன்னாட்டுப் பயணிகளைச் சோதித்து உள்ளே விடும் அதிகாரிகள் அந்நேரத்தில் இல்லை, ஆகவே கதவைத் திறந்து இறக்கிவிடவும் வழியில்லை. எரிபொருள் நிரப்பும்போது சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இருக்கையிலேயே அமர்ந்திருங்கள் என்ற அறிவிப்பு வந்தபோது பலர் திடுக்கிட்டார்கள். தீ ஏற்பட்டால் உடனே எழுந்து ஓட வேண்டும் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது, வழக்கமான நடைமுறைதான். உள்ளே காற்று புழுங்கியது, ஒரு குழந்தை விடாமல் அழுதது, கழிப்பறைகளில் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நானே பணியாளரிடம் சற்று உரத்துப் பேசினேன். அவருக்கும் எங்களைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் காத்திருப்புக்குச் சில நாடுகளில் வரம்பு உண்டு. அமெரிக்க நிலையங்களில் உள்நாட்டு விமானமானால் 3 மணி நேரத்துக்குள்ளும் பன்னாட்டு விமானமானால் 4 மணி நேரத்துக்குள்ளும், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பயணிகள் இறங்க வாய்ப்பளிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் தண்ணீரும் உணவும் தர வேண்டும். எல்லா நாடுகளிலும் இத்தகைய விதி இல்லை. எனவே பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பிறகு நிரப்பிய தண்ணீர்ப் புட்டி, பசி தாங்கும் அளவுக்கு ஏதேனும் உணவு, இரண்டு நாளுக்குரிய மருந்துகள், முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே வைக்கும் பையில் இவை இருப்பது இன்னும் நல்லது. ஏனெனில் நிறைந்த சிறிய விமானத்தில் மேல் அடுக்குகள் நிரம்பியதும் பிந்தி ஏறுபவர்களின் கைப்பெட்டிகளை வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் அருகில் இருந்தவரின் மருந்துகள் அப்படித்தான் கீழே போயிருந்தன. அவர் பட்ட தவிப்பை மறக்க முடியாது.

எரிபொருள் ஏறி, வானமும் தெளிந்த பிறகு, விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. விமானத்துக்குள் கூச்சல் எழுந்தது. ஒருவர் விமானி அறைக் கதவை நோக்கியே போனார். இன்னும் அரை மணி நேரப் பறப்புதானே, ஓட்டினால் என்ன என்ற கோபம் எனக்கும் இருந்தது. தம்பியிடம் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அரை மணி நேரத்தில்தான் ஒரு பயணத்தின் கடினமான வேலை எல்லாம் இருக்கிறது என்றான். களைத்த இருவர், இரவில், அப்போதுதான் புயல் ஓய்ந்த ஓடுபாதையில், ஏறத்தாழ இருநூறு பேரோடு இறங்க வேண்டும். நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் தலைமை விமானிக்கு உண்டு. நீட்டிக்க மறுக்கும் உரிமையும் அவருக்கே உண்டு. அன்று அவர் மறுத்தது சரி என்றே இன்று நினைக்கிறேன், அதனால் நான் இழந்தது குறையவில்லை என்றாலும்.

அதிகாரிகளை வரவழைத்து எங்களை இறக்கும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. பெட்டிகள் விமானத்திலேயே இருந்தன. ஒரே ஒரு கவுண்டரின் முன் மொத்த விமானமும் வரிசையில் நின்றது. இங்கேதான் அனுபவம் உள்ளவர்களைக் கண்டேன்: வரிசையில் இடம் பிடித்தபடியே செயலியைத் திறந்து மாற்று விமானத்தைத் தேடினார்கள், அதே நேரத்தில் நிறுவனத்தின் வேறு நாட்டுத் தொலைபேசி எண்ணையும் அழைத்தார்கள். அவர்கள் மறுநாள் காலையின் முதல் விமானத்தில் இடம் பெற்றார்கள். கவுண்டரை மட்டும் நம்பி நின்ற எனக்குப் பிற்பகல் விமானம்தான் கிடைத்தது. தங்கும் விடுதி நிரம்பிவிட்டது என்றார்கள்; நாற்காலியில் பையை அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தனியாக இருப்பவர் கழிப்பறைக்குப் போகக்கூடப் பையோடுதான் போக வேண்டும். அழுகை வந்தது, அழுதேன்.

பண இழப்பு எங்கே நேர்ந்தது என்று சொல்கிறேன். என் இணைப்பு விமானம் வேறொரு நிறுவனத்துடையது, தனிச் சீட்டு. ஒரே முன்பதிவில் இரண்டு பறப்புகளும் இருந்திருந்தால், முதலாவது பிந்தி இரண்டாவது போய்விட்டாலும், சேருமிடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேராகப் போய்விடும். தனிச் சீட்டானால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நான் வராத பயணி, அவ்வளவுதான். சீட்டு முழுதும் செல்லாமல் போயிற்று. அன்றே பறக்கப் புதிதாக வாங்கியது முதல் சீட்டைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. தனிச் சீட்டுகளில் மிச்சமாகும் தொகையை இந்தப் புதிய சீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், நடுவில் ஓர் இரவு தங்கும்படி அமைத்துக்கொள்வதும், தனிச் சீட்டுகளின் இணைப்பு தவறினாலும் பணம் தரும் காப்பீடா என்று நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பதும் தேவை. எல்லாப் பயணக் காப்பீடும் அதை ஏற்பதில்லை.

வானிலையால் வழி மாறினால் ஒன்றும் கிடைக்காது என்று கவுண்டரில் சொன்னது பாதிதான் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, கடும் வானிலைக்கு இழப்பீட்டுத் தொகை கிடையாது. ஆனால் அது பொருந்தும் பயணங்களில் உணவும் தங்குமிடமும் வானிலை காரணமானாலும் தரப்பட வேண்டும், விடுதி கிடைக்காமல் நாமே நியாயமான செலவில் தங்கினால் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். பன்னாட்டுப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பெட்டிகளுக்குக் காலக்கெடு வைக்கிறது: சேதமான பெட்டியானால் கைக்கு வந்த 7 நாளுக்குள், பிந்தி வந்த பெட்டியானால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். என் பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது. இடையில் வாங்கிய அவசியப் பொருள்களுக்கு ரசீது வைத்திருந்ததால் அந்தத் தொகை முழுதும் திரும்பக் கிடைத்தது.

புதிய சீட்டின் விலையில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் பல வாரங்களுக்குப் பிறகு தந்தது. அவர்கள் கேட்டவை போர்டிங் அட்டை, இரண்டு சீட்டுகளின் ரசீது, இவற்றோடு விமான நிறுவனம் முத்திரையிட்டுத் தந்த கடிதம். விமானம் எத்தனை மணிக்கு எங்கே திருப்பப்பட்டது, என்ன காரணம், எப்போது சேர்ந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் அதைக் கேட்டு வாங்குவதைப் பார்த்துத்தான் நானும் கேட்டேன். கவுண்டரில் அதை அடித்துத் தருவதற்குச் சில நிமிடங்களே ஆயின; அன்று கேட்காமல் வந்துவிட்ட சக பயணி ஒருவர் அதே கடிதத்துக்காக மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்.